மேற்கு ஈரானின் ஹசனாபாத் கிராமம் எங்கே இருக்கிறது?

களிமண்பானை:
தொல்லியல் பாடத்தில் ஹசனாபாத் என்றொரு கிராமம் வருகிறது. பேட்டி ஜோ வாட்சன் (Patty Jo Watson) என்ற தொல்லியலாளர் 1959-60இல் போய்ப் பார்த்து எழுதியதாம். சுற்றியுள்ள குர்து, லூர் இனத்தவரின் குடியிருப்புகளும் அதில் உண்டு. கெர்மான்ஷா பக்கம் வரைபடத்தில் துழாவினால் ஹசனாபாத்தாகவே வந்து விழுகிறது. இதில் எது? அப்புறம், பழைய ஊர் புதைந்த மேடு தோண்டப் போனவருக்கு ஆள் வாழும் ஊரில் என்ன வேலை?

குழிக்காரன்:
தேடாதீர்கள், கிடைக்காது. அது மாற்றி வைத்த பெயர். கரோல் கிரேமர் என்ற இன்னொரு தொல்லியலாளர் 1975இல் ஆராய்ந்த ஈரானியக் கிராமம் அலியாபாத்தும் அப்படித்தான்.

வாட்சன் போன சமயத்தில் தொல்லியலாளர் ராபர்ட் பிரெய்ட்வுட்டின் குழு அங்கே சராப், ஆசியாப் மேடுகளைத் தோண்டிக்கொண்டிருந்தது. ஆடு வளர்ப்பும் பயிரும் எப்படித் தொடங்கின என்று பார்க்கத்தான். குழியில் என்ன வரும்? சுவரின் அடி, சாம்பல், எலும்பு. கூரை வராது, புகை வராது. பக்கத்து ஊரிலோ அதே மண்ணில் சுவர் எழுப்பி, நிலத்தடித் தொழுவத்தில் ஆட்டைக் கட்டி, வரட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு குழியில் சாம்பல் அடுக்கைப் பார்த்து விறகுச் சாம்பல் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். கூடை சுமந்த அக்கா எட்டிப் பார்த்து, “இது வரட்டிச் சாம்பல் தம்பி” என்றார். அடித்துத் திருத்தினேன். வாட்சன் போனது அந்த அக்காவைத் தேடித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

களிமண்பானை:
சரி, குர்து வீடு, லூர் வீடு என்று குழியில் பிரித்துச் சொல்ல முடியுமா?

குழிக்காரன்:
எனக்கு நம்பிக்கை இல்லை. பேச்சில் பிரிக்கலாம். லூரி பாரசீகத்துக்கு நெருக்கம், குர்து சற்றுத் தள்ளி. இடையில் லக்கி என்று ஒன்று உண்டு, அது யார் பக்கம் என்பதில் இன்றும் சண்டை. வீடு என்று வந்தால் இரண்டு பக்கமும் மண் சுவர்தான். மேய்ச்சலுக்குப் போகிறவர்களின் கறுப்புக் கூடாரமும் இருவருக்கும் பொது. ஆட்டு மயிரில் நெய்தது. மழையில் நூல் உப்பி இடைவெளி அடைபடும். கூடாரத்தைச் சுருட்டிக் கழுதையில் ஏற்றியபின் மிஞ்சுவது அடுப்புக்கல்லும் புழுக்கையும். அதில் மொழியை எங்கே தேடுவது?

மொட்டைமாடி:
ஒரு சின்னச் சேர்க்கை. அங்கே தட்டைக் கூரை. மரக்கழி பரப்பி, மேலே சுள்ளி, அதன்மேல் மண். மழை பெய்து ஓய்ந்ததும் கல் உருளையை மேலே உருட்டி இறுக்குவார்கள். ஆகவே வீட்டு இடிபாட்டில் உருளைக் கல் கிடைத்தால் தூண் என்று எழுதிவிடாதீர்கள்.

குழிக்காரன்:
அதையும் ஒருமுறை எழுதியிருக்கிறேன்.