மாலை போட்ட வீட்டில் நடந்தது: உங்கள் அனுபவம்?

கரிமலை ஏற்றம்:
எனக்கு 12 வருஷமாகச் சபரிமலைக்கு மாலை. எங்கள் கூட்டம் எருமேலியிலிருந்து பெரிய பாதையில் போகிற கூட்டம், ஆனால் மகளைக் கூட்டிப்போன மூன்று வருஷம் மட்டும் பம்பை வழி. 7, 8, 9 வயது, 10-லிருந்து 50 வயது வரை பெண்கள் மலைக்குப் போகக் கூடாது என்பது அங்கே வழக்கம். சின்ன இருமுடி, கறுப்புப் பாவாடை, போகிற வழியெல்லாம் எல்லாரும் அவளை "குட்டி மாளிகைப்புறம்" என்று கூப்பிடுவார்கள் (மலைக்கு வரும் பெண்களை அப்படித்தான் அழைப்பது), அவளுக்கு அதில் அவ்வளவு பெருமை. மூன்றாவது தடவை மலை இறங்கும்போது அரவணைப் பாயச டப்பா மூடியை நக்கிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, எனக்கு அடுத்தது 50 வயசுலதானே? அப்படின்னா 41 வருஷம். அப்போ உங்களுக்கு 83. உங்களுக்கு டோலி சொல்லணுமா?" அழுகை, கோபம் ஒன்றும் இல்லை. ரயிலுக்கு டிக்கெட் போடுகிற மாதிரி கேட்டாள். நான் சுக்குத் தண்ணி வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன்.

2018 செப்டம்பர் 28-ல் எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது எங்கள் ஊரில் அதற்கு எதிராக நடந்த சரண ஊர்வலத்தில் நான் முன்வரிசை. அன்று அவளுக்கு 5 வயது. அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டுதான் கத்தினேன்.

அடுப்படி:
என் கதை சின்னது. எங்கள் வீட்டில் விரதம் அவருக்கு, வேலை எனக்கு. காலையில் 4 மணிக்கு எழுந்து குளித்துவிட்டுத்தான் அடுப்பைத் தொடணும், வெங்காயம் பூண்டு கிடையாது, நேற்று வைத்தது ஆகாது, அவர் கட்டுகிற கறுப்பு வேட்டி மற்ற துணியோடு சேரக் கூடாது. சரி, செய்தேன். இருமுடி கட்டுகிற அன்று மத்தியானம் எனக்குத் தேதி மூன்று நாள் முன்னாடியே வந்துவிட்டது. வீட்டில் 20 சாமிகள். மாமியார் என் காதில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. பக்கத்து வீட்டிலும் மாலை போட்டிருந்ததால் அங்கேயும் போக முடியாது. இரண்டு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு சாயங்காலம் ஏழரை வரைக்கும் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். மூன்று பஸ்காரர்கள் "ஏறலையாம்மா" என்று கேட்டார்கள். திரும்பி வந்தபோது வாசலில் உடைத்த விடலைத் தேங்காய்ச் சில்லு கிடந்தது. அவர் திரும்பும் வரை வீட்டு விளக்கு அணையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார், அதற்கு எண்ணெய் ஊற்ற எதிர் வீட்டுப் பாட்டியை ஏற்பாடு செய்திருந்தார். எனக்கு ராத்திரி எங்கே சாப்பாடு என்று ஏற்பாடு செய்யவில்லை.

மண்டலம் 41:
மேலே இருக்கிற இரண்டு பேருக்கும். முதலில் கரிமலை சாமி, உங்கள் மகள் சாதாரணமாகக் கேட்டதில் நீங்களாகப் பாவம் சேர்த்துக்கொள்கிறீர்கள். அங்கே இருக்கிற ஐயப்பன் நைஷ்டிக பிரம்மச்சாரி, அதாவது கடைசி வரை பிரம்மச்சரியம் காக்கிறவர், பெண்ணை வெறுக்கிறவர் இல்லை. அந்தத் தீர்ப்பு 4-க்கு 1, அந்த ஒருவர் யார் என்று பாருங்கள், அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி. மத நம்பிக்கையில் பகுத்தறிவு பார்க்க நீதிமன்றம் வரக் கூடாது என்று அவர்தான் எழுதினார். 2016-லேயே "காத்திருக்கத் தயார்" என்று கேரளப் பெண்களே இயக்கம் நடத்தினார்கள். அடுத்தது அடுப்படி அக்கா, உங்கள் வீட்டுக்காரர் செய்தது தப்புதான், அதற்கு ஐயப்பன் என்ன செய்வார்? ஒரு பெண்ணியவாதியாவது மாலை போட்ட ஆம்பிளை அந்த நாட்களில் எப்படி மாறுகிறான் என்று எழுதியிருக்கிறாரா? என் அனுபவத்தைச் சொல்கிறேன், சிகரெட் இல்லை, குடி இல்லை, யாரையும் "டேய்" என்றுகூடச் சொல்ல வாய் வராது. என் மனைவிக்கு வருஷத்தில் நிம்மதியான நாட்கள் அவைதான், அவளே சொல்லியிருக்கிறாள்.

எண்ணிக்கொண்டிருந்தவன்:
மண்டலம் சாமி, உங்கள் கடைசி வரியைத் திரும்ப ஒரு தடவை நீங்களே படியுங்கள்.

எங்கள் அப்பாவும் அப்படித்தான். கார்த்திகை 1 அன்று மாலை போட்டால் வீட்டில் குரல் உயராது. என்னை "சாமி, படிச்சாச்சா?" என்று கேட்பார், தரையில் என் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பார், அம்மாவை "அம்மா" என்பார். அம்மா காலண்டரில் பென்சிலால் கோடு போடுவாள், அப்பா மலைக்குப் போகிற நாளுக்காக என்று நினைத்திருந்தேன். அவர் திரும்பி வந்து மாலையைக் கழற்றி சாமி படத்தில் மாட்டிவிட்டு, வேட்டியை மாற்றிக்கொண்டு, செருப்பு போடாமல் நடந்து பழகின அதே காலோடு கடைக்குப் போவார். எல்லா வருஷமும் அதே ராத்திரி. எனக்கு 11 வயதிருக்கும், அம்மா குருசாமி வீட்டுக்கு என்னை அனுப்பினாள். "எங்கப்பாவுக்குத் தை மாசமும் மாலை போட்டுவிட முடியுமான்னு அம்மா கேட்கச் சொன்னாங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு வாழைப்பழம் கொடுத்தார்.

பிரம்மச்சரியம், ஆச்சாரம் எல்லாம் இருக்கட்டும். அத்தனை நாள் முடிந்த ஒன்று அடுத்த நாளிலிருந்து ஏன் முடியவில்லை என்று அப்பாவிடம் நான் கேட்டதில்லை. போன வருஷம் இறந்துவிட்டார்.

குருசாமி 22:
சுவாமி சரணம். எனக்கு இது 22-வது வருஷம், 18-வது வருஷம் வழக்கப்படி மலைக்குத் தென்னங்கன்று எடுத்துப் போய் வைத்தாயிற்று. ஒரு தடவை என் சொந்தத் தங்கையே என் வீட்டு வாசலில் நின்றுவிட்டுப் போனது உண்டு, அது மனதில் இருக்கிறது, அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் இங்கே எல்லாரும் விரதத்தையே தப்பாகப் புரிந்திருக்கிறீர்கள். மாலை போட்டவன் தன் துணியைத் தானே துவைக்கணும். சமையல் தெரியாதவன் கஞ்சி வைத்துக் குடிக்கணும், மனைவியை 4 மணிக்கு எழுப்புகிறவனுக்கு விரதமே கிடையாது. மாலை போடுவதற்கு முன் மனைவியிடம் சம்மதம் கேட்கணும், இதை நான் முதல் தடவை மாலை போடுகிற கன்னிசாமிகளுக்குக் கட்டாயம் சொல்வேன். வீட்டில் தீட்டு பார்க்கிறோம் என்றால் வெளியே போக வேண்டியது ஆண், கோயில் மண்டபத்தில் போய்ப் படுத்துக்கொள், பொம்பளையை ஏன் விரட்டுகிறாய்? செருப்பு போடாமல் நடப்பது, சவரம் செய்யாமல் இருப்பது இதெல்லாம் எதற்கு? நான் என்கிற திமிர் போக. அந்தத் திமிரை மனைவியிடம் மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு மலை ஏறினால் 18 படியும் வெறும் படிதான். நெய்த் தேங்காயைப் பற்றியும் சொல்லணும், கடையில் துளை போட்டு விற்பதை வாங்காதீர்கள், தண்ணீரை நன்றாக வடித்து உலர வைத்து…

அடுப்படி:
குருசாமி, உங்கள் தங்கை அன்றைக்கு அங்கிருந்து எங்கே போனார்?

செவ்வாடை வீட்டுப் பிள்ளை:
நான் வேறு மாலை, வேறு இருமுடி. என் அம்மா மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி கோயிலுக்குப் போகிறவள். அங்கே பெண்கள் மாதவிலக்கு நாளிலும் போகலாம், கருவறையில் அவர்களே பூஜை செய்யலாம். தைப்பூசத்தை ஒட்டி அம்மா சிவப்புப் புடவையில் இருமுடி எடுப்பாள், நானும் கூடப் போவேன். பள்ளிக்கூடத்தில் பசங்கள் மாலை என்றால் கறுப்பு, அது ஆம்பிளை மாலை. என்னுடையதை "பொம்பளைங்க மாலை" என்றார்கள். எட்டாம் வகுப்பில் பஸ் ஏறும் முன் சிவப்புச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு மூடிக்கொண்டேன், வெயிலில். அம்மா பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினாள்.

ஆனால் அங்கே எல்லாம் சமம் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மனுக்கு அவ்வளவு உரிமையோடு அபிஷேகம் செய்த அதே அம்மா, வழிபாட்டு மன்றத்தில் பஸ் பிடிக்க 300 ரூபாய் கொடுக்க அப்பா கடையை மூடிவிட்டு வரும் வரை காத்திருப்பாள்.

மண்டலம் 41:
எண்ணிக்கொண்டிருந்தவன், படித்தேன். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

கரிமலை ஏற்றம்:
குருசாமி, அறிவுரைக்கு நன்றி, நான் கேட்டது நெய்த் தேங்காய் பற்றி இல்லை.

மகளுக்கு இப்போது 12. இந்த வருஷமும் மாலை போட்டேன், அந்த வழக்கு இன்னும் உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வில் கிடக்கிறது, அது முடிகிற வரை நான் போக மாட்டேன் என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. போன வாரம் வீட்டில் படிபூஜை. அவள்தான் கோலம் போட்டாள், பூ தொடுத்தாள், 18 படிக்கும் கற்பூரம் எடுத்து வைத்தாள். சாமிகள் வாசலுக்கு வந்து சரணம் விளித்ததும் பாட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அவளுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, தேதியும் இல்லை. போ என்று நான் சொல்லவில்லை, மனைவியைக் கேட்டேன், அவளும் சொல்லவில்லை. பாடும்போது எனக்குக் குரல் சரியாக வரவில்லை. தொண்டை கட்டிக்கிச்சா சாமி என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். ஆமா சாமி என்றேன்.