டியூக் 200-க்கு மாற்று பேட்டரி: அதே 8 ஏ.எச் போதுமா, லித்தியத்துக்குத் தாவலாமா?

சாவிக்கொத்து:
வண்டி டியூக் 200, 2016 மாடல். கிக்கர் கிடையாது, பேட்டரி படுத்தா வண்டியும் கூடவே படுத்துக்கும். இப்ப காலையில செல்ஃப் தட்டினா ரிலே மட்டும் டக்டக்னு அடிக்குது, மீட்டர் அணைஞ்சு திரும்ப எரியுது. உள்ளே இருப்பது 12 வோல்ட் 8 ஏ.எச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு) சீல்டு ஈய பேட்டரி. கடையில மூணு வழி சொல்றாங்க. ஒண்ணு, அதே 8 ஏ.எச். ரெண்டாவது, 9 ஏ.எச் ஆசிட் பேட்டரி, விலை கம்மி. மூணாவது லித்தியம், விலை சீல்டைவிட மூணு மடங்குக்குப் பக்கத்துல. ஓட்டம் தினமும் 6 கி.மீ போக, 6 கி.மீ வர, பாதி நேரம் சிக்னல்லதான். ஜிபிஎஸ் டிராக்கர் ஒண்ணு மாட்டியிருக்கு. எதை வாங்கலாம்?

ஸ்பானர்பெட்டி:
பர்ஸை எடுக்கிறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை எடுங்க தம்பி. புது பேட்டரி போட்டும் திரும்பத் திரும்பப் படுக்குற வண்டிக்கு நோய் வேற இடத்துல இருக்கும்.

ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, சாவி போடாம, பேட்டரி முனையிலயே வோல்டேஜ் பாருங்க. 12.7, 12.8 இருந்தா நிறைஞ்சிருக்கு. 12.0-ன்னா காலி. அடுத்து, செல்ஃப் தட்டும்போது பாருங்க. பத்துக்குக் கீழ இறங்கக் கூடாது. தட்டின உடனே ஏழு, எட்டுக்கு விழுந்தா பேட்டரி உள்ளே போச்சு. விழாம நின்னும் டக்டக்னா கேபிள் பக்கம் போங்க: மீட்டரோட ஒரு முனையை இன்ஜின் உடம்புல, இன்னொண்ணை பேட்டரி மைனஸ் முனையில வச்சு செல்ஃப் தட்டுங்க. 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்து வயர் துருப்பிடிச்சிருக்கு, இல்ல போல்ட் லூசு.

கடைசியா வண்டி ஓடும்போது, ஹெட்லைட் போட்டு 4000-5000 ஆர்பிஎம்ல 13.8-லேர்ந்து 14.6-க்குள்ள நிக்கணும். 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்டேஜைக் கட்டுக்குள்ள வைக்கிற பெட்டி) கெட்டிருக்கு, தங்கத்துல பேட்டரி பண்ணிப் போட்டாலும் வறுத்துடும். 13-ஐயே தொடலைன்னா ஸ்டேட்டர் (இன்ஜின்ல கரண்ட் தயாரிக்கிற சுருள்), இல்ல அதோட கப்ளர் கருகியிருக்கு. இந்த எண்களையெல்லாம் இங்க போடுங்க, அப்புறம் பேசலாம்.

லித்தியம்வாசி:
டெஸ்ட் எல்லாம் சரி. ஆனா மாத்துறதுன்னு ஆயிட்ட பிறகு ஏன் திரும்ப ஈயத்தையே சுமக்கணும்? இந்த அளவு சீல்டு பேட்டரி சுமார் மூணு கிலோ. அதே வேலையைச் செய்யுற லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ஒரு கிலோவுக்குள்ள முடிஞ்சிடும். நாலு செல் தொடர்ச்சியா, ஒவ்வொண்ணும் 3.3 வோல்ட், மொத்தம் 13.2. செல்ஃப் தட்டும்போது ஈயம் பத்துக்கு இறங்குற இடத்துல இது பதினொண்ணுக்கு மேலயே நிக்கும். ஸ்டார்ட்டர் வேகமாச் சுத்தும், ஈசியூவும் (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) பெட்ரோல் பம்பும் பட்டினி கிடக்காது. முக்கியமா, அரை சார்ஜ்ல கிடந்தாலும் தகட்டுல சல்பேட் உப்பு படிஞ்சு கெடுற கதையே இதுல கிடையாது. 6 கி.மீ சிக்னல் ஓட்டத்துக்கு இதைவிடப் பொருத்தம் எது?

ஓம்விதி:
“அதே வேலை” என்ற இடத்தில் நிறுத்துங்கள். அட்டையில் “12 ஏ.எச்சுக்குச் சமம்” என்று பெரிய எழுத்தில் இருக்கும், பக்கவாட்டில் சின்ன எழுத்தில் வாட்-அவர் இருக்கும். 48 வாட்-அவர் என்று போட்டிருந்தால் 12.8-ஆல் வகுத்துப் பாருங்கள்: 3.75 ஏ.எச். அந்தச் “சமம்” செல்ஃப் சுற்றும் இரண்டு வினாடிக்குத்தான் செல்லும். வண்டி நிற்கும்போது டிராக்கருக்குத் தீனி போடுவது அந்த 3.75-தான்.

டிராக்கர் 10 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 0.24 ஏ.எச். 8 ஏ.எச் பேட்டரி காலியாக 33 நாள். உங்கள் லித்தியம் பதினைந்தே நாள்.

லித்தியம்வாசி:
ஈயத்தை அடிமட்டம் வரைக்கும் கறந்து கணக்குப் போடுறது நியாயமா சார்? பாதிக்குக் கீழ போனா அது செல்ஃப் இழுக்காது. 4 ஏ.எச்தான் பயன், 16 நாள். லித்தியம் முக்கால் பங்கு தீர்ந்த பிறகும் இழுக்கும். 2.8 ஏ.எச், 11 நாள் தாண்டும். பதினாறுக்குப் பதினொண்ணு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பதினாறாம் நாள் ஈய பேட்டரி தகட்டுல சல்பேட் ஏறிக் கிடக்கும். லித்தியத்துல பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கிற உள் சர்க்யூட்) தானா துண்டிச்சுக் காப்பாத்திக்கும்.

ஓம்விதி:
பதினாறுக்குப் பதினொன்று, சரி, அந்தத் திருத்தம் ஏற்கத்தக்கது. ஆனால் பிஎம்எஸ் “காப்பாற்றும்” என்பதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ரெகுலேட்டர் கெட்டு வோல்டேஜ் 15-ஐத் தாண்டினால் பிஎம்எஸ் பேட்டரியைச் சுற்றிலிருந்து விலக்கிக்கொள்ளும். பேட்டரி பிழைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் பேட்டரி விலகினால் வோல்டேஜை அமுக்கிப் பிடிக்க யாரும் இல்லை. அந்த அலை நேரே ஈசியூவுக்குப் போகும். ஈய பேட்டரி அதே நேரத்தில் கொதித்து, வீங்கி, தன்னைப் பலி கொடுத்து மற்றதைக் காக்கும். ஈசியூ விலைக்கு எத்தனை சீல்டு பேட்டரி வாங்கலாம் என்பது தனிக் கணக்கு.

யாழ்கார்ப்:
ஏன் எல்லாரும் அசிட் பற்றரியை ஒதுக்கி வைக்கிறியள்? எங்கட பக்கம் பல்சர் 150 தான் கூட, அதில 9 ஏ.எச் அசிட் பற்றரி வருசக்கணக்கா ஓடுது. சீல்ட் பற்றரிக்குள்ள என்ன நடக்குதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இதில மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டர் (அசிட் அடர்த்தி பாக்கிற கருவி) விட்டால் ஆறு செல்லும் தனித்தனியாத் தெரியும். 1.260-க்கும் 1.280-க்கும் இடையில நிண்டால் நிறைஞ்சது. ஒரு செல் மட்டும் 0.050 குறைஞ்சு நிண்டால் அந்தச் செல் சரியில்லை. தண்ணி மட்டம் இறங்கினால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் விடவேணும். கனபேர் அசிட்டை விட்டு அடர்த்தியைக் கூட்டி, தகட்டைத் தின்னக் குடுக்கினம், பழி பற்றரிக்கு.

ஸ்பானர்பெட்டி:
யாழ் அண்ணே, பல்சருக்கு நீங்க சொல்றது நூத்துக்கு நூறு. டியூக்ல அது உட்காராது. பல்சர் ஆசிட் பேட்டரி 135 நீளம், 75 அகலம், 139 உயரம், எல்லாம் மி.மீ. டியூக்ல வர்ற ஒய்டிஎக்ஸ்9 வகை 150, 87, 105. உயரத்துல 34 மி.மீ கூடுது, சீட் பூட்டாது. சீட்டை அழுத்திப் பூட்டினா அடித்தகடு ப்ளஸ் முனையைத் தொடும், அப்புறம் புகைதான். பல்சர்ல ஆவிக் குழாயை செயின்ல படாம கீழ வரைக்கும் இறக்க இடம் இருக்கு. இங்க அதுக்கு வழியும் கிடையாது. விலை கம்மின்னு கடைக்காரர் சொன்னது, அளவுநாடா வைக்காம சொன்னது.

திருச்சிகியர்:
அப்ப 10 ஏ.எச் சீல்டு போடலாம்னு ஒருத்தர் கிளம்புவார். வேண்டாம். கம்பெனி 8 கொடுத்திருந்தா 8-தான். ஏ.எச் கூட்டினா ஸ்டேட்டர் கூடுதலா உழைச்சு எரிஞ்சுடும்.

ஓம்விதி:
10 ஏ.எச் வேண்டாம் என்பது சரி, காரணம் தவறு. அந்த வகை 130 மி.மீ உயரம், குழிக்குள் அடங்காது. ஸ்டேட்டர் விஷயம் வேறு. பைக்குகளில் பெரும்பாலும் இருப்பது ஷண்ட் ரெகுலேட்டர். காந்தம் சுற்றும் வரை ஸ்டேட்டர் முழுக் கரண்டையும் உற்பத்தி செய்துகொண்டேதான் இருக்கும். தேவைக்கு மிஞ்சியதை ரெகுலேட்டர் எர்த்துக்குக் குறுக்கிவிடும். பேட்டரி பெரிதானதால் ஸ்டேட்டருக்குப் புதுப் பளு எதுவும் சேராது.

ஒருமுறை செல்ஃப் தட்ட ஆகும் செலவையும் பாருங்கள். 80 ஆம்பியர், இரண்டு வினாடி என்று வைத்தால் 0.05 ஏ.எச்கூட இல்லை. 8 ஆனாலும் 10 ஆனாலும் திருப்பி நிரப்ப வேண்டியது அதே 0.05-தான். 2 ஆம்பியர் சார்ஜ் உள்ளே போனால் ஓரிரு நிமிடத்தில் ஈடாகிவிடும். ஆகவே “6 கி.மீ ஓட்டத்தில் சார்ஜே ஏறாது” என்பதும் பாதி உண்மை. தூரத்தைவிட சிக்னல்தான் பிரச்சினை. 55 வாட் ஹாலஜன் மட்டும் நாலரை ஆம்பியர். அதோடு ரேடியேட்டர் ஃபேன், பம்ப், பிரேக் லைட். ஐடிலில் வரவைவிடச் செலவு கூடும், குறைவதைப் பேட்டரி கொடுக்கும். 2016 வண்டி, எப்போதும் எரியும் ஹெட்லைட் விதி 2017 ஏப்ரலில்தான் வந்தது. உங்கள் வண்டியில் ஸ்விட்ச் இருக்கிறது, பகலில் அணைத்து வையுங்கள்.

சாவிக்கொத்து:
எண்கள் இதோ. காலையில 12.3. செல்ஃப் தட்டும்போது 8.1. எர்த்து பக்கம் 0.1. ஓட்டத்துல 14.3. சாவி அணைச்சு டிராக்கர் எவ்வளவு இழுக்குதுன்னு எப்படிப் பார்க்கறது?

ஸ்பானர்பெட்டி:
மைனஸ் கேபிளைக் கழட்டுங்க. மீட்டர் சிவப்பு வயரை 10 ஆம்பியர் பொத்தலுக்கு மாத்தி, கழட்டின கேபிளுக்கும் மைனஸ் முனைக்கும் நடுவுல மீட்டரைச் சேருங்க. அஞ்சு நிமிஷம் விடுங்க. டிராக்கர் விழிச்ச உடனே நிறைய இழுக்கும், தூங்கின பிறகு காட்டுறதுதான் கணக்கு. நடுவுல சாவியையோ செல்ஃபையோ தொட்டா மீட்டர் ஃபியூஸ் காலி. டிராக்கரைக் கழட்டி வச்சா ஓரிரு மில்லி ஆம்பியர்தான் நிக்கணும்.

எண்களைப் பார்த்தா ரெகுலேட்டர், எர்த்து ரெண்டும் சுத்தம். 12.3 கொஞ்சம் கம்மிதான். ஆனா 8.1-க்கு விழுறது வெறும் சார்ஜ் பத்தாத பேட்டரி மாதிரி இல்ல. சந்தேகம்னா 0.8 ஆம்பியர்ல ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுத் திரும்பத் தட்டுங்க. அப்பவும் எட்டுன்னா மாத்த வேண்டியதுதான்.

லித்தியம்வாசி:
14.3 கல்லு மாதிரி நிக்குதுல்ல? லித்தியத்துக்கு உச்சம் 14.6. ஓம்விதி சார் பயமுறுத்தின 15 வோல்ட் கதை இந்த வண்டியில இல்லவே இல்ல.

ஓம்விதி:
இன்று இல்லை. ரெகுலேட்டர் நாள் குறித்துச் சொல்லிவிட்டுக் கெடுவதில்லை. லித்தியம்தான் என்றால் வோல்ட்மீட்டர் ஒன்றை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு வாங்குங்கள். பழைய அட்டவணையையும் மறந்துவிடுங்கள்: 12.8 என்பது ஈயத்தில் நிறைவு, லித்தியத்தில் கிட்டத்தட்டக் காலி. டீசல்பேட் (தகட்டில் படிந்த சல்பேட்டைக் கரைக்கும்) வசதியுள்ள சார்ஜரையும் அதில் மாட்டக் கூடாது, அந்தத் துடிப்பு வோல்டேஜ் செல்லைக் கெடுக்கும். கொடைக்கானல் விடியற்காலையில் முதல் தட்டு சோம்பலாக வந்தால் அரை நிமிடம் ஹெட்லைட்டைப் போட்டு வையுங்கள். கரண்ட் ஓடினால் செல் சூடேறி இரண்டாம் தட்டில் எடுக்கும்.

ஸ்பானர்பெட்டி:
கிக்கர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டிக்கு இன்னொண்ணையும் யோசிங்க. சீல்டு பேட்டரி செல்ஃப் இழுக்கலைன்னாலும் பம்பைச் சுத்த வைக்கிற அளவுக்கு மிச்சம் இருக்கும். சாவி போட்டு பம்ப் சத்தம் கேட்டா, செகண்ட் கியர்ல தள்ளி எடுத்துடலாம். பிஎம்எஸ் துண்டிச்ச லித்தியத்துல பம்பும் இல்ல, ஈசியூவும் இல்ல. ஊரே சேர்ந்து தள்ளினாலும் எடுக்காது.

என் ஓட்டு ஈயத்துக்குத்தான், ஆனா அதே ஒய்டிஎக்ஸ்9 இல்ல. ஒய்டிஇசட்10எஸ் வகை கிடைச்சா எடுங்க. நீள அகலம் அதே 150, 87; உயரம் 93. ஏ.எச் 8.6-தான், ஆனா சிசிஏ (குளிர்ல செல்ஃபுக்குக் கொடுக்கிற ஆம்பியர்) 190. பழைய வகை 135 பக்கம். உயரம் 12 மி.மீ குறையுறதால அடியில ரப்பர் திண்டு வைங்க, இல்லன்னா பட்டை பிடிக்காது, பேட்டரி குலுங்கித் தகடு உதிரும்.

லித்தியம்வாசி:
இதை முதல்லயே சொல்லியிருந்தா பாதிச் சண்டை மிச்சம். டிராக்கர் இல்லாம, வோல்ட்மீட்டர் வச்சு ஓட்டுறவருக்கு என் பதில் இன்னமும் லித்தியம்தான்.

சாவிக்கொத்து:
டிராக்கர் தூங்கின பிறகு 9 மில்லி ஆம்பியர். ஒரு ராத்திரி சார்ஜ் போட்டும் செல்ஃப்ல 8.4. ஒய்டிஇசட்10எஸ் வகை ஒரு கடையில இருக்கு. வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

ஸ்பானர்பெட்டி:
தயாரிப்பு மாசம். ஆறு மாசத்துக்கு மேல கிடந்ததை வாங்காதீங்க. கடையிலயே மீட்டர் வைக்கச் சொல்லுங்க, 12.5-க்குக் கீழன்னா வேற பெட்டி. முனை உங்களைப் பார்த்து இருக்கிற மாதிரி வச்சா ப்ளஸ் இடப்பக்கம் வரணும். பேர்ல எல்-னு முடியுற வகையில ப்ளஸ் வலப்பக்கம் இருக்கும். கேபிள் எட்டலையேன்னு இழுத்து மாத்தி முறுக்கினா ரெகுலேட்டர் டயோடு உடனே போயிடும். ஆசிட் தனியா கொடுக்கிற வகைன்னா ஊத்தி அரை மணி நேரம் விட்டு, 0.8 ஆம்பியர்ல அஞ்சு மணி நேரமாவது சார்ஜ் போட்ட பிறகுதான் வண்டியில ஏத்தணும். ஊத்தின கையோட மாட்டினா முக்கால்வாசிக்கு மேல நிறையவே நிறையாது. வாரண்டி அட்டையில மொத்த மாசத்தைப் பார்க்காதீங்க, அதுல எத்தனை மாசம் முழுசா மாத்திக் கொடுப்பாங்கன்னு கேளுங்க. மிச்சத்துக்கு விகிதாசாரத் தள்ளுபடிதான். பழசை அங்கேயே கொடுத்து ஈயத்துக்கான காசைக் கழிச்சுக்கோங்க.

கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது ப்ளஸ் முதல்ல. முனைக்குள்ள இருக்குற சதுர நட்டு வழுக்கிக் கீழ போயிட்டே இருக்கும்; அடியில சின்ன ஸ்பாஞ்சுத் துண்டு சொருகினா போல்ட் பிடிக்கிற உயரத்துல நிக்கும். முறுக்கின பிறகு மேல வேசலின். முறுக்குறதுக்கு முன்னாடி பூசாதீங்க.

யாழ்கார்ப்:
வேசலின் இல்லாட்டி கிரீஸும் பூசலாம். ஸ்பாஞ் விசயம் நல்லம்.