பெட்டகத்திலிருந்து வந்த பத்து ரூபாய்

காரைக்குடிப் பக்கம் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். இரண்டாம் உலகப் போரின் முடிவை ரொம்ப வருஷம் ஒரே மாதிரிதான் நடத்திவந்தேன். 1945 ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 9 நாகசாகி, செப்டம்பர் 2 மிசௌரி கப்பலில் சரணாகதிக் கையெழுத்து, சரி, அடுத்த பாடம்.

ஒரு வருஷம் ஒரு மாணவி அப்பத்தா வீட்டுப் பெட்டகத்தில் கிடந்தது என்று ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். பத்து ரூபாய், ஆங்கிலத்தில் ஜப்பான் அரசாங்கம் என்று அச்சு, பர்மாவைக் குறிக்கும் ‘பி’ எழுத்து. போர்க்காலத்தில் பர்மாவைப் பிடித்திருந்த ஜப்பானியர் அங்கே புழங்கவிட்ட நோட்டு. அந்த அப்பத்தாவின் அப்பச்சி, அதாவது அப்பா, ரங்கூனில் ஒரு செட்டியார் லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக (உதவியாளராக) இருந்தவராம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனபோது நடந்தே ஊர் கிளம்பிய கூட்டத்தோடு வராமல் அங்கேயே தங்கி, போர் முடிந்த பிறகுதான் கப்பலேறியிருக்கிறார். அதற்குள் திரும்பி வந்த பிரிட்டிஷார் இந்த நோட்டு செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள்.

“போர்தான் முடிஞ்சிருச்சே சார், அப்ப இதுக்குப் பணம் யார் குடுக்கணும்?” என்று கேட்டாள்.

அன்றைய பாடத்தை மூடிவைத்துவிட்டேன். மறுநாள் வகுப்பையே, ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் போட நடந்த 1951 சான் பிரான்சிஸ்கோ மாநாடாக மாற்றி, பெஞ்சுக்கு ஒரு நாடு என்று உட்கார வைத்தேன். சீனாவுக்கு அழைப்பே இல்லை, இந்தியாவும் பர்மாவும் போகவில்லை, சோவியத் வந்தும் கையெழுத்துப் போடவில்லை. காலி பெஞ்சுகளைப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளிடமிருந்து கேள்விகள் வந்தன. இந்தியா 1952 ஜூன் 9 அன்று ஜப்பானோடு தனியாக ஒப்பந்தம் போட்டு, இழப்பீடே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்ததைச் சொன்னதும் ஒரு பையன் கோபமாக எழுந்து, “நம்ம ஆளுக பணத்த விட்டுக்குடுக்க அவங்க யாரு சார்?” என்றான். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியை இழப்பீடு கேட்டு நெருக்கியதால் என்ன ஆயிற்று என்று போன பாடத்தை எடுத்துப் போட்டாள். நான் சொல்லிக் கொடுக்காமலே அந்தப் போருக்குப் பிந்தைய வெர்சாய் ஒப்பந்தத்தையும் இதையும் அவள் முடிச்சுப் போட்டது எனக்குப் பெரிய சந்தோஷம்.

பர்மா 1954இல் தனி ஒப்பந்தம் போட்டு, 20 கோடி டாலர் இழப்பீட்டைப் பத்து வருஷத்தில் பொருளாகவும் வேலையாகவும் வாங்கிக்கொண்டது. அதுவும் அரசாங்கத்துக்குத்தான். கடனுக்கு ஈடாகச் செட்டியார்கள் கைக்கு வந்திருந்த வயல்களோ, 1948இலேயே பர்மாவில் வந்த நில நாட்டுடைமைச் சட்டத்துக்குள் போய்விட்டன. தோற்ற நாட்டை நசுக்காமல் விட்டது சரி என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன், ஆனால் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பிள்ளையிடம் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. “யாரும் குடுக்கலம்மா” என்று மட்டும் சொன்னேன்.

மறக்காமல் நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்று அப்பத்தா சொல்லியனுப்பியிருந்தார்களாம்.