புதுப்பிப்பு: அவுட்லாண்டருக்கு வீட்டிலேயே சார்ஜிங்

போன மாதம் கேட்டிருந்தேன்: ஜப்பானில் இருந்து வந்த பழைய மிட்சுபிஷி அவுட்லாண்டர் (பெட்ரோலிலும் ஓடும், பிளக்கில் போட்டுச் சார்ஜும் செய்யலாம்), 12 கிலோவாட்-மணி பற்றரி, யாழ்ப்பாணத்து வீட்டில் சார்ஜ் செய்ய சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் சார்ஜர் பெட்டி பூட்ட வேண்டுமா என்று.

வேண்டாம். வீட்டுக் கரன்ட்டில் இந்தக் கார் உள்ளே எடுப்பதே 3.7 கிலோவாட்தான். பெரிய பெட்டி பூட்டினாலும் மிச்சம் சுவரிலேயே நிற்கும்.

முதலில் 13 அம்பியர் சதுரப் பிளக்கில்தான் போட்டேன். மூன்றாம் நாள் இரவு தொட்டுப் பார்த்தால் பிளக் சுட்டது, ஒரு பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. மணிக்கணக்காக ஒரே லோட் இழுத்தால் தளர்ந்த சொக்கெட் இப்படித்தான் பழிவாங்கும். (கேத்திலும் நிறைய இழுக்கும், ஆனால் அதை மூன்று நிமிடத்தில் நிறுத்திவிடுகிறோமே.)

அப்புறம் தெரிந்த எலக்ட்ரீசியன் அண்ணாவைக் கூப்பிட்டேன். மெயின் போர்டில் இருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி லைன், 20 அம்பியர் பிரேக்கர், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச், முனையில் நீல நிற 16 அம்பியர் தொழிற்சாலைச் சொக்கெட். எர்த் கம்பி துருப்பிடித்திருந்தது, அதையும் மாற்றினார். கரன்ட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, இந்தக் காரில் செருகும் டைப் 1 முனை உள்ள கையடக்கச் சார்ஜர் ஒன்று வாங்கினேன்.

10 அம்பியரில் வைத்தால் ஐந்து மணித்தியாலம் போல. இரவு பத்தரைக்குப் போட்டால் விடியுமுன் நிரம்பிவிடும். சொக்கெட் இப்போது இளஞ்சூடுகூட இல்லை. அம்மாதான் இன்னும் படுக்கப் போகுமுன் ஒருதரம் தொட்டுப் பார்க்கிறார்.