சிஸ்டர் எத்தனை மணிக்கு வருவார்?

தாம்பரத்தை ஒட்டிய பகுதிகளில் வீட்டுக்கே நர்ஸ் அனுப்பும் சின்ன நிறுவனம் ஒன்றில் ஆறு வருடமாக டியூட்டி போடுகிறேன். எந்த சிஸ்டர், எந்த வீடு, எத்தனை மணி, இதுதான் என் வேலை. சேர்ந்த புதிதில் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

குரோம்பேட்டையில் இரண்டு வீடு. மேப்பில் பார்த்தால் நடுவே ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. முதல் வீட்டில் ஏழு மணிக்கு யூரின் டியூப் மாற்ற வேண்டும், அரை மணி நேரம். ஏழே முக்காலுக்கு அடுத்த வீட்டில் ஒரு பெரியவருக்கு இன்சுலின் ஊசி, கால் புண்ணுக்குக் கட்டு. காகிதத்தில் கணக்கு சரியாக வந்தது. ஆனால் அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், குறுக்கே தண்டவாளம் ஓடுகிறது. சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். போதாக்குறைக்கு முதல் வீட்டில் டியூப் லேசில் இறங்கவில்லை. சிஸ்டர் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர எட்டே முக்கால் ஆகிவிட்டது.

பெரியவர் வழக்கம்போல ஏழரைக்கே சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டார். ஊசி போட்ட பிறகுதான் சாப்பிட வேண்டும் என்று இட்லித் தட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். சிஸ்டர் போனபோது பனியன் தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கிக்கொண்டிருந்தது. குளுக்கோமீட்டரில் 58, சுகர் ரொம்ப இறங்கியிருந்தது. சிஸ்டர் ஊசியைத் தொடவே இல்லை. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்தார். 84. அப்புறம்தான் இட்லி, டாக்டருக்குப் போன் எல்லாம். அந்த சிஸ்டர் மட்டும் நிதானமாக இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அதற்குப் பிறகு, நேரம் தவறக் கூடாத வீடுகளை முதலில் எழுதிவிடுகிறேன். சாப்பாட்டுக்கு முந்தைய இன்சுலின், வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை, எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஏற்றும் ஆன்டிபயாடிக். மற்றதெல்லாம் இவற்றைச் சுற்றித்தான். பிசியோதெரபி பதினோரு மணிக்கு நகர்ந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. சீழ் பிடித்த புண்ணுக்குக் கட்டு மாற்றும் வீடு எப்போதும் கடைசி. கிருமி கூடவே போய்விடக் கூடாதே என்று, அங்கிருந்து ஆபரேஷன் தையல் பிரிக்காதவர் வீட்டுக்கு சிஸ்டரை அனுப்ப மாட்டேன், பக்கத்துத் தெருவாகவே இருந்தாலும் சரி.

புது கேஸ் என்றால் ராகு காலமும் பார்க்க வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரை. எங்களுக்கு மூச்சுவிட நேரம் இல்லாத பொழுதும் அதுதான். நான் வாதாடுவதில்லை, முதல் நாள் மட்டும் ஏழேகாலுக்கே சிஸ்டரை வாசலில் நிறுத்திவிடுவேன். பயந்துபோயிருக்கும் குடும்பத்துக்கு அந்தச் சின்ன நிம்மதி பெரிய விஷயம்.

இன்னொன்றை வெகுநாள் நான் யோசிக்கவே இல்லை. காலையிலிருந்து ஒரு மணி வரை ஐந்து வீடு போகும் ஒரு சிஸ்டர் தண்ணீரே குடிப்பதில்லையாம். யார் வீட்டிலும் பாத்ரூம் கேட்கக் கூச்சம். இப்போது மூன்றாவது வீட்டுக்குப் பிறகு ஆபீஸ் வழியாக வருகிற மாதிரிதான் ரூட் போடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதே, அதன் பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்தே போகக்கூடிய சிஸ்டர் யார் என்று தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

*

மேலே டியூட்டி போடுபவர் எழுதியதைப் படித்தேன். உங்களுக்குத் தண்டவாளம், எங்களுக்குப் பூட்டிய கதவு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்களே, அந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். பிரஷர், சுகர் மாத்திரைகளை வீடு வீடாகக் கொடுப்பது என் வேலை. தெரு வரிசைப்படி போனால் பாதி வீடு பூட்டியிருக்கும், நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள். அதனால் வேலை நடக்கும் ஏரிக்கரைக்கே போய் மர நிழலில் உட்கார்ந்து பிரஷர் பார்த்துவிடுகிறேன். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீட்டுக்கு மட்டும் மத்தியானம். கவனித்துக்கொள்ளும் மருமகள் சமையல் முடித்துவிட்டுப் பேச உட்காரும் நேரம் அது. முதுகுப் புண்ணை அப்போதுதான் திருப்பிக் காட்டுவார்கள்.

*

நான் அந்தப் பக்கத்து ஆள், சிஸ்டருக்காகக் காத்திருக்கும் வீட்டுக்காரர். அம்மாவுக்கு மறதி நோய், நாலு வருடமாக வீட்டில்தான் பார்க்கிறோம். முதல் மாதத்தில் ஏழு பேரை மாற்றி மாற்றி அனுப்பினார்கள். ஒவ்வொரு புது முகத்துக்கும் அம்மா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார், குளிக்க வரவே மாட்டார். டியூட்டி போடும் பெண்ணிடம் கெஞ்சினேன். "நேரம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லைம்மா, ஒரே ஆளை அனுப்புங்க." அவர் மற்ற வீடுகளை நகர்த்தி ஒருவரையே போட்டுக் கொடுத்தார். அந்த சிஸ்டருக்கு வார விடுமுறை வேண்டுமே, அதற்காக இன்னொரு சிஸ்டரை இரண்டு முறை கூடவே அழைத்துவரச் சொன்னோம். இரண்டாவது முறை அம்மா அந்தப் புதியவரின் கையைப் பிடித்து, "காபி குடிச்சியாடி?" என்று கேட்டார்.