தீபாவளி ஆர்டருக்கு இமெயில் அனுப்பலாமா, வாட்சாப் போதுமா?

முறுக்குச் சட்டி:
வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு ஒரு சின்னப் பலகாரக் கடை. அம்மா தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தபோது தொடங்கிய வியாபாரம். தோட்டத்தை விற்றார்கள், லயம் போனது, நாங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்துவிட்டோம். எங்களிடம் வாங்கிப் பழகிய குடும்பங்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று போய்விட்டன. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போதுதான் கடைப்பக்கம் வருகிறார்கள். கல்லாவில் ஒரு நோட்டு வைத்து, விருப்பப்பட்டவர்களை இமெயில் முகவரி எழுதச் சொன்னேன். இரண்டு வருடத்தில் 340 சேர்ந்திருக்கிறது. அத்தான் வேறு யோசனை சொல்கிறார்: 8,000 முகவரி உள்ள லிஸ்ட் ஒன்று 300 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கிறதாம். வாங்கலாமா? இல்லை, இமெயிலே வேண்டாமா?

கம்பத்துப் பையன்:
அக்கா, ரெண்டுமே வேணாம். நம்ம ஊர்ல யாருக்கா இமெயில் பார்க்கிறா? பேங்க் கடிதம், வருமான வரி, பிள்ளைங்க யுனிவர்சிட்டி விண்ணப்பம். அவ்வளவுதான். நான் கைப்பேசி உதிரிப்பொருள் கடை வெச்சிருக்கேன், எல்லாமே வாட்சாப்லதான் ஓடுது. படம் போட்ட அஞ்சு நிமிஷத்துல "இன்னும் இருக்கா"னு கேட்டு வந்துடுவாங்க.

ஈப்போ தங்கை:
அண்ணே, கம்பத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு நீங்க சொல்றது சரி. அக்காவோட ஆளுங்க வெளியூர்ல, அலுவலகத்துல உட்கார்ந்திருக்காங்க. அவங்க நாள் முழுக்க இமெயில்லதான் இருக்காங்க. நான் ஒரு நிறுவனத்துக்கு இந்த வேலைதான் ஆறு வருஷமா பார்க்கிறேன்.

அக்கா, அந்த 8,000ஐ மட்டும் தயவுசெய்து வாங்காதீங்க. 2024 பிப்ரவரியிலிருந்து கூகளும் யாகூவும் விதியை இறுக்கிட்டாங்க. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மடலுக்கு மேல அனுப்புறவங்க எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணும் வெச்சிருக்கணும். மடல் நிஜமாவே உங்க டொமைன்லேர்ந்துதான் (முகவரியில @க்கு அப்புறம் வர்ற பேர்) வருதுன்னு காட்டுற முத்திரைகள் அதெல்லாம். "இனி வேண்டாம்"னு ஒரே அழுத்துல விலகுற வசதி வேணும், விலகினவங்களை ரெண்டு நாளுக்குள்ள எடுத்துடணும். ஸ்பேம், அதாவது வேண்டாத மடல்னு வர்ற புகார், 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1க்குக் கீழ இருந்தா நல்லது. அந்தப் புகார் வரம்பு சின்னக் கடைக்கும் உண்டு. மைக்ரோசாஃப்டும் 2025 மே மாசத்திலிருந்து அவுட்லுக்ல முத்திரை விதியைக் கொண்டுவந்துட்டாங்க.

8,000ல 0.3 சதவீதம்னா 24 பேர். யாருன்னே தெரியாத கடை முறுக்கு விலை அனுப்பினா 24 பேரோடவா நிற்கும்? அப்படிக் கெட்டுப்போன டொமைன்லேர்ந்து போற மடல் உங்க சொந்த 340 பேருக்கும் ஸ்பேம் பெட்டியிலதான் விழும். நோட்டுல பேர் எழுதிக் கொடுத்தவங்களை 300 வெள்ளி கொடுத்து இழக்கணுமா?

அத்தான்:
அந்த யோசனை சொன்னது நான்தான். நான் லாரி ஓட்டினவன், எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன். 8,000 பேரில் நூற்றுக்கு ஒருவர் வாங்கினால்கூட 80 ஆர்டர். 340 பேரில் நூற்றுக்கு ஒருவர் என்றால் மூன்று. சின்ன வலை வீசி என்னம்மா பயன்?

முறுக்குச் சட்டி:
அத்தான், அந்த 340 பேரும் ஏற்கெனவே நம் முறுக்கைச் சாப்பிட்டவர்கள். அவர்களிலும் நூற்றுக்கு ஒருவர்தான் வாங்குவார் என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஓய்வாசிரியர்:
நான் வாங்குகிறவன் பக்கத்திலிருந்து பேசுகிறேன். ஒரு கடையின் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு முகவரி கொடுத்தேன். குலுக்கல் முடிந்த பிறகும் மாதக்கணக்கில் அன்றாடம் ஒரு மடல். நிறுத்தச் சொல்லி இரண்டு முறை எழுதியும் நிற்கவில்லை. இன்றுவரை அந்தக் கடை வாசலை நான் மிதிப்பதில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, நம் நாட்டில் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நேரடி விளம்பரத்துக்கு என் விவரங்களைப் பயன்படுத்தாதே என்று எழுத்தில் கேட்கும் உரிமையை அதன் 43ஆம் பிரிவு எனக்குத் தருகிறது. 2024 திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்தின் கோட்பாடுகளை மீறினால் அபராதம் பத்து லட்சம் வெள்ளி வரை போகலாம். முன்பு மூன்று லட்சம். அந்த 8,000 பேரில் ஒருவராவது உங்கள் கடைக்குச் சம்மதம் கொடுத்தாரா, ஐயா?

அத்தான்:
இல்லை, ஆசிரியர் ஐயா. அது எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன்.

கம்பத்துப் பையன்:
லிஸ்ட் விஷயம் முடிஞ்சது. என் கேள்விக்குப் பதில் வரலை. மடலை இத்தனை பேர் திறந்தாங்கன்னு காட்டுற கணக்கே பொய்தானே தங்கச்சி? 2021 செப்டம்பர்ல ஆப்பிள் கொண்டுவந்த மாற்றத்துக்கு அப்புறம், ஆள் படிக்காட்டியும் ஐபோன் மெயில் படங்களை முன்னாடியே இறக்கிடுது. படம் இறங்குறதை வெச்சுத்தான் அந்தக் கணக்கு, அதனால உங்க பக்கம் "திறந்தார்"னு விழும். வாட்சாப்ல நீலக் கோடு ரெண்டு தெரிஞ்சா படிச்சாச்சுன்னு அர்த்தம்.

ஈப்போ தங்கை:
உண்மைதான் அண்ணே, இதுல நான் வாதாட மாட்டேன். திறந்த கணக்கை நாங்க முதன்மையா வெச்சுக்கிறதை விட்டாச்சு. யார் இணைப்பை அழுத்தினாங்க, யார் பதில் எழுதினாங்க, எத்தனை ஆர்டர் வந்துச்சு, இதைத்தான் பார்க்கிறோம். ரொம்ப நாளா எதையும் தொடாதவங்ககிட்ட "இன்னும் அனுப்பட்டுமா?"ன்னு ஒரு தடவை கேட்போம். பதில் இல்லேன்னா பேரை எடுத்துடுவோம். லிஸ்ட் சின்னதாகும், ஆனா மீதிப் பேருக்கு மடல் ஒழுங்கா போய்ச் சேரும்.

வாட்சாப்ல ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியா அனுப்புற பிராட்காஸ்ட் பட்டியல் ஒண்ணுல 256 பேர்தான். அதுலயும் உங்க நம்பரைச் சேமிச்சு வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் போகும். பெரிய அளவுல அனுப்பணும்னா நிறுவனங்களுக்கான சேவைக்குப் போகணும். அங்க 2025 ஜூலையிலிருந்து ஒவ்வொரு விளம்பரச் செய்திக்கும் தனித்தனியா காசு.

கம்பத்துப் பையன்:
340 பேர்தானே? ரெண்டு பட்டியல் போட்டா முடிஞ்சது. காசே கிடையாது.

முறுக்குச் சட்டி:
தம்பி, போன வருடம் அப்படித்தான் செய்தேன். காலை வணக்கப் படங்கள், கோயில் அறிவிப்பு, குழுச் சண்டை என்று எல்லாவற்றுக்கும் நடுவில் என் விலைப்பட்டியல் அமுங்கிப் போனது. சிங்கப்பூரில் இருக்கும் ஒரு பிள்ளை இரண்டு வாரம் கழித்து, "அக்கா, விலை அனுப்பினீங்களா? தேடினேன், கிடைக்கல" என்றாள். அதிரசத்துக்கு அதற்குள் கணக்கு முடித்துவிட்டேன். அவள் அம்மாவுக்கு வருடா வருடம் போகும் அதிரசம். இமெயில் என்றால் "முறுக்கு" என்று தட்டித் தேடி எடுத்துவிடலாம் அல்லவா?

கம்பத்துப் பையன்:
அந்தத் தேடுற விஷயம் சரிதான்க்கா. ஆனா ஊர்க்காரங்களுக்கு வாட்சாப்பை விட்டுடாதீங்க. அதுல நான் மாற மாட்டேன்.

ஈப்போ தங்கை:
விடவே வேணாம். அனுப்பும்போது ரெண்டு விஷயம், அக்கா. ஜிமெயில் முகவரியைப் போட்டு மடல் அனுப்பும் சேவை வழியா அனுப்பாதீங்க, சொந்த டொமைன் ஒண்ணு வாங்கிடுங்க. அப்புறம், எல்லாத்தையும் ஒரே போஸ்டர் படமா செஞ்சு ஒட்டாதீங்க. படம் இறங்காத கைப்பேசியில வெறும் வெள்ளைதான் தெரியும். விலையை எழுத்தாவே எழுதுங்க. மடல் 102 கேபியைத் தாண்டினா ஜிமெயில் மீதியை வெட்டி மறைச்சுடும். அந்தக் கணக்குல படம் சேராது, எழுத்தும் வடிவமைப்பும்தான் சேரும். தமிழ்ல "க" ஒண்ணே மூணு பைட் இடம் பிடிக்கும், "கா" ஆறு; இங்கிலீஷ் எழுத்துக்கு ஒண்ணுதான். இங்கிலீஷ்ல எழுதுறவங்களைவிட நமக்குச் சீக்கிரம் நிறையும். சின்னதா எழுதினா கவலை இல்லை.

முறுக்குச் சட்டி:
இப்படி எழுதியிருக்கிறேன். தலைப்பு: "இந்த வருட முறுக்கு விலை". உள்ளே: "வணக்கம். எங்கள் கடையில் நீங்கள் பெயர் எழுதிக் கொடுத்ததால் இது வருகிறது. முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை விலை கீழே. அதிரசம் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே நிறுத்திவிடுவோம். வேண்டுமானால் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள்." அடியில் விலகும் பொத்தான்.

கம்பத்துப் பையன்:
ஒரு படமாவது போடுங்கக்கா. அம்மா முறுக்கு பிழியிற படம் இருந்தா அதைப் போடுங்க. கடையில பார்த்து வளர்ந்த பிள்ளைங்கதானே அவங்க.

ஓய்வாசிரியர்:
படம் ஒன்று போதும், பத்து வேண்டாம். அம்மா, வெள்ளிக்கிழமை கடைப்பக்கம் வருவேன். நோட்டை வெளியே எடுத்து வையுங்கள், என் முகவரியை நானே எழுதுகிறேன். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. அதற்கு மேல் அனுப்பினால் அந்தப் பொத்தானை அழுத்திவிடுவேன்.