கயிற்றை இழுக்கும் நாய்: முகர விடலாமா, கூடாதா?

ஈசூன்வாசி:
எங்கள் கருப்பன் கலப்பின நாய், இங்கே 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்போமே, அதுதான். வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் கலப்பின நாய் வளர்க்க விடும் அடோர் திட்டத்தில் தத்தெடுத்தோம். உயரம் 55 சென்டிமீட்டருக்குள் இருப்பதால் வீவக வீட்டில் வளர்க்க முடிகிறது. வீட்டுக்குள் தங்கம். கீழே இறங்கிவிட்டால் தூண் தூணாக முகர இழுக்கிறான், என் தோள்பட்டை போய்விட்டது. முகரவே விடாதே என்கிறார் வீட்டுக்காரர். சரியா?

தோபாயோ மாமா:
அவர் சொல்வதுதான் சரி. இழுத்தால் தூண் கிடைக்கும் என்று நீங்களே கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். கீழ்த்தளத்தில் கோழி எலும்பு கிடக்கும். என் பழைய நாய் முகர்கிறேன் பேர்வழி என்று ஒன்றை விழுங்கி, அறுவை சிகிச்சை வரை போனது. நாய் எச்சில் படக்கூடாது என்றிருக்கும் மலாய்க் குடும்பங்களும் நம் புளோக்கில் உண்டு. லிஃப்டில் அவர்கள் மேல் மூக்கை நீட்டினால் யார் பதில் சொல்வது? இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயின் போட்டு ஒரு சுண்டு சுண்டுங்கள், அடங்கிவிடும்.

மோப்பக்காரி:
மாமா, லிஃப்ட் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. சோக் செயின் வேண்டவே வேண்டாம். மூச்சுக்குழாய் அடிபடும். சுண்டும் நேரத்தில் எதிரே ஒரு குழந்தை வந்தால், வலிக்குக் காரணம் அந்தக் குழந்தைதான் என்று நாய் நினைக்கலாம்.

அப்புறம், நம் மூக்கில் வாசனை அறியும் செல்கள் சில பத்து லட்சம்தான், நாய்க்கு 20 கோடிக்கும் மேல். நாள் முழுக்க வீட்டில் அடைந்து கிடக்கிற ஜீவன் கீழே வருவதே அதற்காகத்தான். அதையே கூலியாகக் கொடுங்கள். கயிறு இறுகியதும் மரம் மாதிரி நில்லுங்கள். தளர்ந்ததும் 'போ' சொல்லி, கூடவே தூண் வரை போங்கள்.

தோபாயோ மாமா:
மரமாக நிற்க எனக்குப் பொழுது உண்டு. ஏழரைக்கு எம்ஆர்டி ரயில் பிடிக்கிறவருக்கு?

மோப்பக்காரி:
நியாயமான கேள்வி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இழுத்துப் பலன் கண்டால் பழக்கம் போகவே போகாது, அதுவும் உண்மை. அதனால் நான் இரண்டு பட்டை வைத்திருக்கிறேன். காலை அவசரத்துக்குக் கழுத்தை நெரிக்காமல் உடம்பில் மாட்டும் சாதாரண ஹார்னஸ், அப்போது இழுக்கக்கூடாது என்ற சட்டம் எதுவும் கிடையாது. மாலையில் நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ், அது போட்டால் பாடம். எந்தப் பட்டைக்கு எந்த விதி என்று நாய்க்குப் புரிந்துவிடுகிறது. லிஃப்டிலும் நடைபாதையிலும் மட்டும் எப்போதும் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, நாயைச் சுவர்ப் பக்கம் நிறுத்துவேன்.

தோபாயோ மாமா:
நாய்க்கு இரண்டு சட்டை! சரி, எலும்புக்கு என்ன வழி?

மோப்பக்காரி:
'விடு' என்றால் விட வேண்டும். அதை வீட்டிலேயே பிஸ்கட் வைத்துப் பழக்க வேண்டும். பழகும்வரை கீழ்த்தளம் வேண்டாம், புல்வெளிக்குப் போங்கள்.

ஈசூன்வாசி:
இரண்டு வாரம் ஆயிற்று. முதல் நாள் லிஃப்டிலிருந்து பக்கத்துப் புளோக் போகவே 25 நிமிடம். போகிற வருகிற பாட்டிகள் எல்லாம் என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள். ஒன்பதாம் நாள் கயிறு இறுகியதும் தானே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்! காப்பிக்கடைப் பின்பக்கம் மட்டும் இன்னும் இழுக்கிறான்.

தோபாயோ மாமா:
அந்தப் பக்கம் ஏன் போகிறீர்கள்? எலும்பெல்லாம் அங்கேதான்.